லைட்ஹவுஸ் நிழல் கேட்ட விலை

பிற்பகலானால் தன்மேல் வந்து விழவேண்டிய லைட்ஹவுஸ் நிழலை இன்னும் காணோமே என்று கடல் கரைவரைக்கும் வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்த அந்த வியாழக்கிழமை, நிழலானது கீழத்துறைப்பட்டினத்துப் பஜாரில், லாசர் மச்சாது புதிதாகத் திறந்த கூல்பார் வாசலில், காலை நீட்டிப் படுத்துக் கிடந்தது. சூரியன் மேற்கே போயாயிற்று, நிழலும் மேற்கேயே கிடக்கிறது. இது எப்படி என்று கேட்க ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை; இனிமேல் வண்டியை எங்கே நிறுத்துவது என்றுதான் கேட்டார்கள்.

பழைய ஊர் அது. முத்துக்கு ஒருத்தன் வந்தான், துணிக்கு ஒருத்தன் வந்தான், உப்புக்கு வரி போட ஒருத்தன் வந்தான். வந்தவனெல்லாம் ஆளுக்கொரு சுவரைக் கட்டி வைத்துவிட்டு வெயில் தாங்காமல் கப்பலேறினான். அந்தச் சுவர்களில் உருப்படியானது லைட்ஹவுஸ் ஒன்றுதான், லைட்ஹவுஸிலும் உருப்படியானது அதன் நிழல்தான், ஏனென்றால் உப்புக்காற்றில் வேப்பங்கன்றுகூடப் பிழைக்காத அந்தப் பஜாரில் காலை முழுக்கக் கடை கடையாக நகர்ந்து, வளையல் கடைக்குக் கொஞ்சம், வலைக்கயிற்றுக் கடைக்குக் கொஞ்சம், கருவாட்டுக் கடைக்குக் கொஞ்சம் என்று பங்கு வைத்துக்கொண்டே சுருங்கி, உச்சி சாய்ந்ததும் கடலுக்குப் போய்விடும் ஒரே குளிர்ச்சி அதுதான். வெளிச்சம் கப்பல்காரனுக்கு, நிழல் கடைக்காரனுக்கு என்று ஊரில் சொல்வழக்கே உண்டு.

வியாபாரிகள் சங்கத்து வாசலில் ஒரு கரும்பலகை இருக்கும். ஊர்ச் செய்தி என்றால் அதுதான். மறுநாள் காலை அதில் எழுதியிருந்தது: ‘கோட்டைத் தெரு அந்தோணியின் சினை ஆட்டைக் காணவில்லை. லாசர் கூல்பாருக்கு ஐஸ்கிரீம் மெஷின் வந்துள்ளது. லைட்ஹவுஸ் நிழல் நேற்று முதல் இடம் மாறியுள்ளது, வாகனங்களை அதற்கேற்ப நிறுத்தவும். சனிக்கிழமை ரத்ததான முகாம்.’

அதை வாசித்துவிட்டு ஊரே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது, ஒருத்திக்கு மட்டும் உச்சந்தலையில் இருந்து உள்ளங்கால் வரைக்கும் பற்றிக்கொண்டு எரிந்தது. அவள் தங்கபுஷ்பம், லைட்ஹவுஸ் மதில் ஓரத்தில் நன்னாரி சர்பத் கடை வைத்திருந்தவள். தேரிக்காட்டிலிருந்து தலையில் பதநீர்ப் பானையோடு நடந்து வந்து, போலீஸ்காரனிடம் வசவு வாங்கி, வாங்கிய வசவை இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்து, சங்கத்தோடு மல்லுக்கு நின்று அந்த இடத்தைப் பிடித்தவள். ஊரில் இருக்கிற இடத்தையெல்லாம் விட்டுவிட்டு அந்த மதில் ஓரத்தை ஏன் கேட்டாள் என்றால், வெயில் ஏற ஏறச் சுருங்கி வருகிற நிழல், மனுஷனுக்கு நாக்கு வறளுகிற நேரம் பார்த்து அங்கேதான் வந்து நிற்கும். நிழலுக்கு ஒதுங்குகிறவன் சும்மா நிற்பானா? ஒரு கிளாஸ் சர்பத் குடித்துவிட்டுத்தான் போவான்.

கடையை அவள் ஒருநாளும் அடைத்ததில்லை. ஞாயிறு இல்லை, பொங்கல் இல்லை, கடையடைப்புப் போராட்டம் இல்லை. மகள் கழுத்தில் தாலி ஏறிய கையோடு பட்டுச்சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு வந்து எலுமிச்சம்பழம் பிழிந்தவள். லாசர் தன் கூல்பார் வாசலில் ‘ஞாயிறு விடுமுறை’ என்று போர்டு மாட்டியபோது பஜாரே கேட்கச் சிரித்தாள். “ஏலே லாசரு, லீவு விட நீ என்ன வியாபாரியா, வாத்தியாரா?”

அந்த வாத்தியான் வாசலில்தான் இப்போது நிழல் கிடந்தது.

அவள் சர்பத் கரண்டியோடு நேரே போய் அதன் தலைமாட்டில் நின்றாள். “ஏ நிழலே, ஒனக்கு வெக்கமா இல்ல? இத்தன வருஷம் எங்கடையில கெடந்துட்டு, ஏசிக்காரனக் கண்டதும் பல்ல இளிச்சுட்டுப் போய்ட்டியே. எந்திரி! எந்திரிங்கேன்!”

நிழல் அசையவில்லை. உள்ளேயிருந்து லாசர்தான் அசைந்து வந்தான். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கையில் மாம்பழ ஐஸ்கிரீம்.

“யக்கா, வாடிக்கையாளர மெரட்டாதீங்க. அது பிரியப்பட்டு வந்துருக்கு.”

“பிரியமாம்ல பிரியம். ஓங்கடையில நிக்கிறவனுக்கு ஐஸ்கிரீமு, எங்கடையில நிக்கிறவனுக்கு மண்ட வெடிக்கா?”

“ஒரு கப் சாப்பிடுதீங்களா? சூடு தணியும்.”

அந்தக் கப் எங்கே போய் விழுந்தது என்பது வளையல் கடைக்காரருக்குத் தெரியும், அவர் சட்டையில்தான் விழுந்தது.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. நிழல் நகர்வதில்லை என்று தெரிந்ததும் சலூன்காரர் நாற்காலியை அதற்குள் தூக்கிப் போட்டார், லாட்ஜ்காரர் ஈரத்துணி காயாது என்று தெரிந்தும் ஒரு கொடி கட்டினார், பங்குச்சாமியார் திருவிழாத் தேர் நிற்கிற நேரத்துக்கு அதைக் கோயில் வாசலுக்கு அனுப்பமுடியுமா என்று கேட்டுவிட்டார், பள்ளிவாசலிலிருந்து வெள்ளிக்கிழமை மதியத்துக்கும் அம்மன் கோயிலிலிருந்து கூழ் ஊற்றும் நாளைக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். டேப்பைத் தூக்கிக்கொண்டு வந்த ஓர் அதிகாரி லைட்ஹவுஸை அளந்து, நிழலை அளந்து, வெளிச்சம் மட்டும்தான் எங்கள் பொறுப்பு, தரையில் விழுவதெல்லாம் வருவாய்த்துறை என்று சொல்ல, வருவாய்த்துறைக்காரர் வந்து காலால் தட்டிப் பார்த்து, இதில் தூசிகூட ஒட்டவில்லை, இதை நிலம் என்று எப்படி எழுதுவது என்று கூல்பாரில் ஒரு ரோஸ்மில்க் குடித்துவிட்டுப் போனார்.

தங்கபுஷ்பத்தின் கடையில் ஈ மட்டும் நின்றது. வெறும் வெயிலில் பானைத் தண்ணீர் சுட்டது, ஐஸ் உமிக்குள்ளேயே அழுது கரைந்தது. பக்கத்தில் கருவாடு விற்கும் சிலுவையம்மாதான் நாளுக்கு ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தாள், அதுவும் இரக்கத்தில். அந்த இரக்கம் தங்கபுஷ்பத்துக்கு வெயிலைவிட அதிகமாகச் சுட்டது.

சங்கத்தில் ஒரு பழைய சட்டம் உண்டு. வருஷா வருஷம் மாதா கோயில் கொடியேற்றத்தன்று தெருவோர இடங்களைப் பார்வையிடுவார்கள். பானை காய்ந்து கிடந்தால் அந்த இடம் கேட்கிறவனுக்குப் போகும். லாசர் கேட்டிருந்தான், கடை வைக்கக்கூட இல்லை, கூல்பாருக்கு வருகிறவர்கள் ஸ்கூட்டர் நிறுத்த. சங்கத் தலைவர் மீரான் மரைக்காயர் கடைக்கே வந்து சொன்னார்.

“தங்கச்சி, சட்டம் நான் போட்டதில்ல. கொடியேறுறதுக்குள்ள பானைய நனைச்சுக் காட்டிரு. அவ்ளோதான் என்னால சொல்ல முடியும்.”

“பானைய நனைக்கத் தண்ணி போதும் மரைக்காயரே. குடிக்க ஆளு வேணும்ல!”

அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் நல்ல மனுஷர்களின் தலையாட்டலை வைத்து எவளும் உலை வைத்ததில்லை.

இதற்குள் நிழலுக்குப் போட்டி முற்றி, சலூன்காரரும் லாட்ஜ்காரரும் சட்டையைப் பிடித்துக்கொள்ள, சங்கம் கூடி ஒரே முடிவாக நிழலை ஏலம் விடுவது என்று தீர்மானித்தது. மரைக்காயர் வீட்டில் ஒரு சிவப்புப் பட்டுத் துண்டு இருந்தது. முத்து வியாபாரம் நடந்த காலத்தில் அவருடைய வாப்பாவும், வாப்பாவுக்கு வாப்பாவும் அந்தத் துண்டுக்குள்தான் கைவிட்டு விலை பேசினார்கள். வாயைத் திறக்கக்கூடாது, விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, மடக்கினால் ஒரு கணக்கு, உள்ளங்கையை முழுசாகப் பொத்தினால் கடையை அடைத்தாயிற்று, இன்றைக்கு யாவாரம் இல்லை என்று அர்த்தம். முத்து போய், சங்கு போய், கடைசியில் மீன் ஏலம் வரைக்கும் அந்த வழக்கம் வந்து நின்றது. நிழலுக்கும் அதுதான் மரியாதை என்று மரைக்காயர் துண்டை மடியில் விரித்து உட்கார்ந்தார்.

ஒவ்வொருத்தராக வந்து கையை நுழைத்தார்கள். தங்கபுஷ்பமும் நுழைத்தாள். மரைக்காயர் முகம் சுளித்தார்.

“விரல ஒடைக்காத தங்கச்சி. ஒன் கையில கோவம்தான் இருக்கு, வெல இல்லியே.”

லாசர் கையில் விலை இருந்தது. சங்கத்துக்குக் கூரை மாற்றித் தருகிற அளவுக்கு இருந்தது. கரும்பலகையில் செய்தி வந்தது: ‘லைட்ஹவுஸ் நிழல் லாசர் கூல்பாருக்கு ஏலம் போனது. அந்தோணியின் ஆடு கிடைத்துவிட்டது, இரண்டு குட்டி.’

ஏலம் எடுத்தவன் சும்மா இருப்பானா? போட்டதை எடுக்கவேண்டும். லாசர் அன்றைக்கே பழைய போர்டைக் கழற்றிவிட்டுப் புதுப் போர்டு மாட்டினான்: ‘நிழல் வசதி உண்டு. வாரம் ஏழு நாளும்.’

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நிழல் எழுந்துவிட்டது. எழுந்து, சோம்பல் முறித்து, தெருவைக் கடந்து, சிலுவையம்மா காயப் போட்டிருந்த நெத்திலிமேல் அப்படியே குப்புற விழுந்தது.

“அய்யோ எஞ் சரக்கு! ஏ லாசரு, ஒம் மாட்ட ஓட்டிட்டுப் போலே!” என்று சிலுவையம்மா மார்பில் அடித்துக்கொண்டாள்.

லாசர் ஓடிவந்தான். ஐஸ்கிரீம் காட்டிக் கூப்பிட்டான், வரவில்லை. கூடாரம் அடிக்கிற முளையைக் கொண்டுவந்து நான்கு மூலையிலும் அறைந்தான். நிழல் முளைக்கு அடியிலிருந்து பாயை உருவுகிற மாதிரி உருவிக்கொண்டு போயிற்று. மீன் வலையை வீசிப் பார்த்தார்கள், வலை மட்டும் வந்தது. கடைசியில் அது சங்க அலுவலகத்துக்குள் நுழைந்து தலைவர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்ள, மரைக்காயர் மரியாதைக்காக வெளியே நின்றார்.

“பணத்த வாங்கிட்டியள்லா, சரக்க ஒப்படைங்க!” என்று லாசர் கத்தினான். “வெல பேசியாச்சு, துண்டு போட்டாச்சு. பட்டினத்துல துண்டுக்குள்ள பேசுன பேச்சு என்னைக்காவது பெரண்டுருக்கா?”

“இல்ல வாப்பா, பெரண்டதில்ல” என்றார் மரைக்காயர், பாவம், நாற்காலியைப் பார்த்துக்கொண்டே.

தங்கபுஷ்பம் கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். மறுநாள் கொடியேற்றம். அவள் பானை காய்ந்து கிடந்தது. இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரிக்கத்தான் வந்தாள், ஆனால் சிரிப்பதற்குள் வாழ்நாளெல்லாம் பேரம் பேசிய மூளை, தானாகவே ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டது.

“மரைக்காயரே, ஒண்ணு கேக்கேன்” என்றாள். “ஏலத்தன்னைக்கு ஒம்ம மடியில துண்டு கெடந்துச்சு. அதுக்குள்ள லாசரு கையி ஒண்ணு. இன்னொரு கையி யாருது?”

“என் கைதான்.”

“சரக்கு ஒம்மதா?”

பஜார் நெருங்கி வந்து நின்றது. கடல்கூட ஒரு அலையைப் பாதியில் பிடித்துக்கொண்டு கேட்டது.

“முத்துக்கு வெல பேசுனா முத்துக்காரன் கையப் பிடிக்கணும். மாட்டுக்குப் பேசுனா மாட்டுக்காரன் கையப் பிடிக்கணும். இந்தச் சவத்துக்கு ஆரு சொந்தக்காரன்? நீரா? சங்கமா? அது தானாத்தான வந்துது, தானாத்தான போவுது! அதுட்ட ஒரு வார்த்த கேட்டியளாவே? ஊருல அம்புட்டுப் பேரும் யாவாரி, ஒருத்தனுக்கும் இது தெரியலயே, கோட்டிப் பயலுவளா!”

மரைக்காயர் முகம் இருண்டது. அவருடைய வாப்பாவோ வாப்பாவின் வாப்பாவோ செய்திருக்க முடியாத பிழை அது. ஒரு சரக்கைச் சொந்தக்காரன் கை தொடாமல் விற்றுவிட்டார்கள். சட்டைப்பைக்குள் போட்டு வைத்திருந்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

உச்சி வெயில். நிழல் நாற்காலியைவிட்டு இறங்கி வாசற்படியில் கிடந்தது. தங்கபுஷ்பம் அதன் நுனியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துண்டை விரித்து, கையை உள்ளே விட்டாள். ஊர் வளைத்துக்கொண்டு நின்றது.

உள்ளே ஒரு கை இருந்தது. பெரிய கை, சுண்ணாம்பும் உப்பும் மணக்கிற, கிணற்றடிக் கல் மாதிரிக் குளிர்ந்த கை. அவள் அதன் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள்: தினம் முதல் கிளாஸ் சர்பத் உன் காலடியில் ஊற்றுகிறேன். விரல் கல் மாதிரிக் கிடந்தது. நடுவிரலையும் சேர்த்துப் பிடித்தாள்: வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பூமாலை. அந்தக் கை அவள் விரலைச் சுண்டிவிட்டது, பூவுக்கு மயங்குகிற ஆள் இல்லை என்று.

பிறகு அது பேசியது. அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, உள்ளங்கையை முழுசாகப் பொத்தியது. கடையடைப்பு. பொத்திய கையை ஏழு தரம் தட்டிவிட்டு, அதிலிருந்து அவள் கட்டைவிரலை மட்டும் வெளியே இழுத்து நிமிர்த்தியது. ஒன்று. வாரத்துக்கு ஒன்று.

“என்னது?” என்று அலறினாள் தங்கபுஷ்பம்.

“என்ன கேக்கு? என்ன கேக்கு?” என்று சிலுவையம்மா மேலே விழுந்தாள்.

“சும்மா கெடட்டி!”

லீவு கேட்டது. அந்த நெடுமரம் லீவு கேட்டது. லாசரின் ஞாயிறு போர்டைப் பார்த்து ஏன் அவன் வாசலில் போய்ப் படுத்தது, போர்டு கழன்றதும் ஏன் எழுந்து நடந்தது என்று அவளுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. மேகம் மறைத்து நிழல் கொஞ்சம் தாமதித்தால் வானத்தைப் பார்த்துத் தான் திட்டிய திட்டெல்லாம் யார் காதில் விழுந்தது என்பதும் விளங்கியது. ‘வந்தியா மூதி, ஒனக்குன்னு ஆளு வச்சுக் கூப்பிடணுமோ?’ வருஷக்கணக்கில். ஞாயிறு இல்லாமல், பொங்கல் இல்லாமல்.

விளங்கினால்? விளங்கியதற்காகக் கேட்ட விலையைக் கொடுத்துவிடுவாளா என்ன? அவள் கட்டைவிரலில் பாதியை மறைத்தாள்: அரை நாள். நிழல் நெரித்தது. மாசத்துக்கு ஒன்று என்றாள். நிழல் கையை உருவிக்கொண்டு எழுந்து போகிற மாதிரிக் காட்டியது. அவளுக்கா தெரியாது? எழுந்து போகிற நாடகத்தைப் பட்டினத்துக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள். உண்மையாகவே போகிறவன் கை தளர்ந்துவிடும். இது கையை உருவிக்கொண்டே ஒரு விரலை மட்டும் விடாமல் பிடித்திருந்தது. அதற்கும் தேவை இருக்கிறது. சரி, மாட்டினாய்.

“ஒரு முழு நாள் தாரேன்” என்று வாயைவிட்டே சொன்னாள், வழக்கத்தை உடைத்து. “ஆனா மத்த நாள்ல வந்து எட்டிப் பாத்துட்டு ஓடுற சோலி ஆகாது. காலையில பங்கு வைக்கிறத வழக்கம்போல எல்லாருக்கும் வையி. உச்சிக்கு எங்கடைக்கு வந்தா வெளக்கு வைக்கிற வரைக்கும் அங்ஙனதான் கெடக்கணும்.”

நிழல் கடல் பக்கம் இழுத்தது.

“கடலுக்கு எதுக்குவே நெழலு? அதுக்கென்ன மண்டையா வெடிக்குது?”

கூட்டம் சிரித்தது. துண்டு குலுங்கியது. உள்ளே அந்தக் குளிர்ந்த கை, யோசித்து, யோசித்து, அவள் கையை ஒருதரம் அழுத்தியது. விலை படிந்தது.

மறுநாள் மாதா கோயிலில் கொடி ஏறி வேட்டு வெடித்தபோது, மதில் ஓரத்தில் நிழல் ஆடாமல் அசையாமல் கிடந்தது, அதற்குள் சப்பரம் தூக்கிய தோள்களும் வேட்டுப் போட்ட கைகளும் பள்ளிவாசல் பெரியவர்களும் வெளியூர்ப் பேருந்தில் வந்து இறங்கிய ஜனமும் நெருக்கியடித்து நின்றது. மரைக்காயர் சட்டப்படி வந்து பானைக்குள் விரலை விட்டுப் பார்த்தார், விரல் நனைந்தது, அதையே சாக்காக வைத்து இரண்டு கிளாஸ் குடித்தார். லாசருக்குச் சங்கம் ஏலப்பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அவன் பழைய போர்டைத் தேடியெடுத்துத் துடைத்து மாட்டினான், எதற்கும் இருக்கட்டும் என்று.

கரும்பலகையில் அந்த வாரம் ஒரு வரி கூடியிருந்தது: ‘சர்பத் கடைக்குத் திங்கள் விடுமுறை. நிழலுக்கும்.’ அதை வாசித்த வளையல் கடைக்காரரும் சலூன்காரரும், நிழலே இல்லாத நாளில் நாம் மட்டும் எதற்குக் காயவேண்டும் என்று தங்கள் கடையையும் அடைத்துவிட்டார்கள்.

முதல் விடுமுறைத் திங்கட்கிழமை வந்தது. தங்கபுஷ்பத்துக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பானையைக் கழுவினாள், கழுவிய பானையைத் திரும்பக் கழுவினாள், எலுமிச்சம்பழத்தை எண்ணெய் தேய்த்துத் துடைத்தாள். உச்சியானதும் ஒரு சந்தேகம் குத்தியது. லீவு என்று சொல்லிவிட்டு அந்தத் திருட்டு மூதி வேறே கடையில் போய் வேலை பார்த்தால்? அக்கரையில் துறைமுகத்துக்காரன் கூப்பிட்டிருந்தால்? சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தேடப் புறப்பட்டாள். பஜாரில் இல்லை, கூல்பாரில் இல்லை, கோட்டைத் தெருவில் இல்லை.

பழைய கோட்டையின் இடிந்த சுவருக்கு வடக்கே, ஆளும் இல்லாத படகும் இல்லாத வெறும் மணலில் அது கிடந்தது. ஒருத்தர் மேலும் விழாமல், ஒரு பொருள் மேலும் விழாமல், நீட்டி நிமிர்ந்து, நுனியை மட்டும் அலையில் நனைத்துக்கொண்டு கிடந்தது. கடல் அதை வந்து வந்து தொட்டுப் பார்த்தது.

“ஓ, இங்ஙனதான் கெடக்கியா” என்றாள் தங்கபுஷ்பம். அதற்குமேல் திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. சுடுமணலில் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்து நின்றாள். இத்தனை வருஷம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கடை நடத்தியவள். பிற்பகல் கடல் என்ன நிறம் என்று அவளிடம் யாராவது கேட்டிருந்தால் நன்னாரி நிறம் என்றுதான் சொல்லியிருப்பாள். சரி, வந்தது வந்தாயிற்று என்று வெயிலிலேயே உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, லீவில் இருந்த அந்த நிழல் மெல்லப் புரண்டது. புரண்டு, மணலில் ஒரு பாய் அகலம் நகர்ந்து வந்து, அவள் தலைமேல் விழுந்தது.

தங்கபுஷ்பம் நிமிர்ந்து பார்த்தாள். ஒப்பந்தத்தில் இது இல்லை. துண்டுக்குள் இதைப்பற்றிப் பேச்சே வரவில்லை. ஒரு கட்டுக் கீரைக்குக்கூட அரைமணி நேரம் சண்டை போட்டுக் கொசுறு வாங்குகிறவளுக்கு, கேட்காமல் கிடைத்த முதல் கொசுறு அது.

காலை நீட்டினாள். கடலைப் பார்த்தாள். பிறகு நிழலைப் பார்த்து, சந்தையில் தராசைப் பார்த்துச் சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

“இன்னும் கொஞ்சம் தள்ளி விழு. முட்டியில வெயில் படுதுல்லா.”